நீலப் பூங்குடை: வீட்டுத் தோட்டத்தில் அகபாந்தஸ்

நம் வீட்டு வளவுகளிலே சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வெண்மைக்கும் என்றும் குறைவில்லை. செவ்வரத்தை, அலரி, நந்தியாவட்டை, மல்லிகை, பொன்னொச்சி என்று நாள்தோறும் நாம் கொய்யும் மலர்கள் யாவும் இந்நிறங்களுள் அடங்கிவிடும். நீலம் ஒன்றே அரிது. வேலியிலே படர்ந்து கிடக்கும் சங்குப்பூவை விட்டால், தூய நீல நிறத்திலே கண்ணுக்கு விருந்தளிக்கும் பூச்செடிகள் நம்மிடம் மிகச் சிலவே உள்ளன. ஆகையால், மலைநாட்டுக்குச் செல்லும் நம் குடும்பத்தினர், அங்குள்ள தோட்டங்களிலே இடுப்பளவு உயர்ந்த காம்பின் உச்சியில் நீலக் குடை விரித்தாற்போல நிற்கும் ஒரு மலரைக் கண்டு மயங்குவதில் வியப்பில்லை. அதுவே அகபாந்தஸ்.

மயக்கம் கண்ணோடு நின்றால் கேடில்லை. அது பணப்பையை எட்டும்போதுதான் சிக்கல் பிறக்கின்றது. செடியை வாங்கி, ஈரச் சாக்கிலே சுற்றி, புகைவண்டியிலே மடிமேல் வைத்துக் கொணர்ந்து, யாழ்ப்பாணத்து மணலிலோ கொழும்பு வீட்டின் முற்றத்திலோ நட்டுவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருப்போர் பலர். இலை வளர்கின்றது, பூ வருவதில்லை. மலைநாட்டிலேயே வாழ்வோருள்ளும், “பக்கத்து வீட்டில் பூக்கிறது, எம் வீட்டில் பூக்கவில்லை” என்று குறைப்படுவோர் உளர். இச்செடி எத்தகையது, எங்கே வளரும், ஏன் பூக்க மறுக்கின்றது, எவ்வாறு பேணல் வேண்டும் என்பவற்றை இவ்வாரம் ஒழுங்காக நோக்குவோம்.

பெயரும் குலமும்

அகபாந்தஸ் என்னும் பெயர் இரு கிரேக்கச் சொற்களால் ஆயது. அகபே என்பது அன்பு. அந்தொஸ் என்பது மலர். இரண்டுஞ் சேர ‘அன்பு மலர்’ என்று பொருள்படும். ஆங்கிலேயர் இதனை ‘நைல் நதி லில்லி’ என்றும் அழைப்பர். இப்பெயர் இருமுறை பிழையானது. இது நைல் நதிக்கரையில் தோன்றியதன்று; லில்லியும் அன்று. இதன் பிறப்பிடம் ஆபிரிக்கக் கண்டத்தின் தென்கோடி. தென்னாபிரிக்காவும் அதனை அடுத்த நாடுகளுமே இதன் தாயகம்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பல் வழியாக இச்செடி ஐரோப்பாவை அடைந்தது. 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயசு இதற்குக் கிறைனம் ஆபிரிக்கானம் என்று பெயரிட்டார். கிறைனம் என்பது நமக்கு அன்னியமானதன்று. நம் கரையோரங்களில் வெண்ணிறப் பூக்களோடு தழைத்து நிற்கும் விஷமூங்கிலும் அப்பெயரையே உடையது. பின்னர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சு அறிஞர் லெரித்தியே என்பவர் இச்செடிகளைத் தனிச் சாதியாகப் பிரித்து அகபாந்தஸ் என்னும் பெயரைச் சூட்டினார்.

அச்சாதியுள் எத்தனை இனங்கள் உள்ளன என்பது மாணவர்கள் சிந்திக்கத்தக்க வினா. 1965இல் தென்னாபிரிக்கத் தாவரவியலாளர் பிரான்சிஸ் லெய்ட்டன் அம்மையார் விரிவாக ஆராய்ந்து பத்து இனங்கள் எனக் கணக்கிட்டார். 2003இல் சொனவெல்ட், டங்கன் என்னும் இருவர், கலத்தின் கருவிலே அடங்கிய மரபுப் பொருளின் அளவையும் மகரந்தத்தின் நிறத்தையும் ஒப்புநோக்கி அவற்றை ஆறாகக் குறைத்தனர். செடிகள் மாறவில்லை, அவற்றை நோக்கும் கருவி மாறியது. அறிவியல் வளரும் முறை இதுதான்.

குடும்பத்தைப் பொறுத்தவரையிலும் இதே கதை. முன்னர் லில்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்ட இச்செடி, இன்று அமரில்லிசுக் குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது. விஷமூங்கிலும் அக்குடும்பமே, நம் கமக்காரர் பாத்தி கட்டி நடும் வெங்காயமும் அக்குடும்பமே. விதைக்காக விடப்பட்ட வெங்காயத்தின் பூவை நோக்கியவர்க்கு இவ்வுறவு எளிதிற் புலப்படும். இலையற்ற ஒரு காம்பு, அதன் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து எழும் பல சிறு காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பூ. வெங்காயத்திற் பூக்கள் சிறியன, நெருங்கியன; அகபாந்தஸிற் பெரியன, புனல் வடிவின. வெங்காயத்திற்குக் குமிழ் உண்டு. இதற்குக் குமிழ் இல்லை. மண்ணுக்குக் கீழே தடித்த கிழங்கு போன்ற தண்டும், அதிலிருந்து வெண்மையான சதைப்பற்றுள்ள வேர்களும் இருக்கும். ‘அகபாந்தஸ் குமிழ்’ என்று கூறி விற்போர் தாம் விற்பது யாதென அறியாதவர்.

தோட்டங்களிலே பெரும்பாலும் காணப்படுவது பிரேக்கொக்சு என்னும் இனம். இது ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பது. பூங்காம்பு இரண்டடி முதல் மூன்றடிக்கு மேலும் உயர்வது. ஆபிரிக்கானசு என்பது வேறு. அது குட்டையானது, கேப் பகுதியின் மலைப்புதர்களிலே வாழ்வது, காட்டுத்தீ கடந்து சென்ற பின்னர் மிகுதியாகப் பூப்பது. தோட்டத்தில் அதனை வளர்த்தல் கடினம். ஆயினும் கடைகளிலே பிரேக்கொக்சு இனத்திற்கு ஆபிரிக்கானசு என்னும் பெயர்ச்சீட்டைக் கட்டி விற்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. சீட்டைப் பாராது செடியைப் பார்த்து வாங்குக. குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்க்கும் வேறு இனங்களும் உள்ளன. அவை கடுங்குளிர் நாடுகளுக்கு உரியவை. நமக்கு ஏற்றது பச்சை மாறாத பிரேக்கொக்சே.

எங்கே வளரும்?

இலங்கையில் இச்செடிக்கு உகந்த இடம் மலைநாடு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசு அளவிலேயே நிற்கும். தை, மாசி மாதங்களில் அதிகாலையில் புல்மேல் உறைபனி படிவதும் உண்டு. இத்தகைய தண்மையே இச்செடியைப் பூக்கத் தூண்டுவது. அட்டன், பண்டாரவளை போன்று 1,200 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களிலும் வெயில் படும் தோட்டங்களில் நம்பி நடலாம். 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அரை மனத்தோடு பூக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்க இலை மட்டுமே எஞ்சும். யாழ்ப்பாணத்தின் சராசரி வெப்பநிலை 28 பாகை அளவினது. அங்கே இச்செடி உயிர் வாழும். ஆனால் பூப்பது அரிது. தண்ணீரையும் பசளையையும் கூட்டி இக்குறையை நீக்க முடியாது. குளிரைச் சாக்கிலே கட்டிக் கொண்டுவர இயலாதன்றோ?

மலைநாட்டிலே அயல்நாட்டுச் செடிகள் வேரூன்றிய வரலாறு நீண்டது. 1861ஆம் ஆண்டில் அக்கலையில் அரச தாவரத் தோட்டம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் நோக்கம் அழகன்று; மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைனைத் தரும் சிங்கோனா மரத்தை வளர்த்தலே. பின்னர் அது பூந்தோட்டமாகவும் வளர்ந்தது. தோட்டத்துரைமாரின் பங்களாக்களைச் சுற்றியும் தங்கள் நாட்டை நினைவூட்டும் பூச்செடிகளை அவர்கள் நடுவித்தார்கள். நடுவித்தவர்கள் அவர்கள், மண் கொத்தி, நீர் சுமந்து, களை பிடுங்கி, அச்செடிகளைத் தலைமுறை தலைமுறையாக வாழவைத்தவை நம் தமிழ்த் தொழிலாளரின் கைகள். துரைமாரின் பெயர்கள் ஏடுகளிலே உள்ளன. தோட்டக்காரரின் பெயர்கள் அவற்றில் இல்லை. எனினும் எந்தச் செடிக்கு எவ்வளவு நீர், எந்த மாதத்தில் எதனைப் பிரித்து நடல் வேண்டும் என்னும் அறிவு அவர்தம் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் இன்றும் உண்டு. மலைநாட்டு மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் இதனைக் கேட்டுக் குறித்து வைத்தல் நன்று. முதியோரோடு மறைந்துவிடும் அறிவு இது.

நடும் முறை

முதலாவது வேண்டுவது வெயில். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேர் வெயில் படும் இடத்தையே தெரிவு செய்க. மலைநாட்டிலே மூடுபனி வெயிலின் ஒரு பகுதியை உண்டுவிடும். ஆகையால் மரநிழலோ சுவர் நிழலோ அறவே கூடாது.

இரண்டாவது வேண்டுவது வடிகால். சதைப்பற்றுள்ள வேர்கள் சில நாள் வறட்சியைத் தாங்கும்; தேங்கிய நீரைத் தாங்கா. மழை மிகுந்த பகுதிகளில் தரைமட்டத்திலிருந்து அரை அடியேனும் உயர்ந்த பாத்தி அமைத்து நடுக. சரிவான நிலமாயின் மேலும் நன்று; வேர்கள் நெருங்கிப் பின்னி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். படிக்கட்டின் ஓரத்திலும் கல்லணையின் மேல்விளிம்பிலும் வரிசையாக நட்டால் அழகும் பயனும் ஒருங்கே வாய்க்கும்.

நடுவதற்கு முன் இலைகளை அரை அடி அளவுக்குக் கத்தரித்து, அழுகிய வேர்களை அகற்றுக. ஒன்றரை அடி இடைவெளியிற் குழி தோண்டி, மக்கிய கூட்டெருவோடு சிறிது ஆற்றுமணலையுங் கலந்து, இலையும் வேரும் கூடும் கழுத்துப் பகுதி மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே இருக்குமாறு நடுக. ஆழப் புதைத்தால் கழுத்து அழுகும். மழை தொடங்கும் காலம் நடுவதற்கு ஏற்றது. அடைமழைக் காலம் ஏற்றதன்று.

நிலமில்லாதார் கவலையுற வேண்டா. இச்செடி சாடியில் வளர்வதற்கென்றே பிறந்ததோ என்று கருதத்தக்க அளவுக்குச் சாடிக்கு இசைந்தது. பழைய வாளி, எண்ணெய்த் தகரம் எதுவாயினும் அடியிலே நாலைந்து துளையிட்டால் போதும். தோட்டமண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்னும் அளவிற் கலந்து நிரப்புக. தென்னந்தும்புத் தூளைச் சிறிதே சேர்க்கலாம். மிகுதியாகச் சேர்ப்பின் மழைக்காலத்தில் ஈரம் வற்றாது. லயத்து வாசலில் ஒரு முழ இடமே உடைய குடும்பத்தினரும், ஒரே ஒரு தகரத்தில் இந்நீலக் குடையை விரியச் செய்யலாம்.

நீரும் பசளையும்

வறண்ட காலத்தில் கிழமைக்கு இருமுறை வேர் முழுதும் நனையும்படி நீர் ஊற்றுக. நாள்தோறும் மேலாகத் தெளிப்பதினும் இதுவே சிறந்தது. சாடியிலுள்ள செடிக்குக் கூடுதலாக வேண்டும். விரலை மண்ணுள் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரமில்லையேல் ஊற்றுக.

பூத்து முடிந்தவுடன் நீரை அறவே நிறுத்திவிடுவோர் உளர். இது பெருந்தவறு. அடுத்த பருவத்துக்குரிய மொட்டுகள், முன்னைய பூ உதிர்ந்த சில மாதங்களிலேயே கழுத்தினுள் கண்ணுக்குத் தெரியாது உருவாகத் தொடங்குகின்றன. அக்காலத்திற் செடி நீரின்றி வாடினால் அதன் விளைவு மறு பருவத்திலேயே தெரியும். இன்று செய்த புறக்கணிப்பு அடுத்த ஆண்டு பூவின்மையாக நம்முன் நிற்கும்.

பசளையைப் பொறுத்தமட்டில் அளவறிதல் வேண்டும். நைதரசன் மிகுந்த பசளை இலையை வளர்க்கும், பூவைக் குறைக்கும். யூரியாவைத் தூவி, இருண்ட பச்சை இலைகளைக் கண்டு மகிழ்ந்து, பூவைக் காணாது வருந்துவோர் தாம் ஊட்டியது இலைக்கே என்பதை அறியார். ஆண்டுக்கு இருமுறை கூட்டெரு இடுதலும், பொற்றாசியம் நிறைந்த விறகுச் சாம்பலைப் பிடியளவு மண்ணிற் கலத்தலும் போதும். தேயிலை வளரும் மண் புளிப்புத் தன்மை உடையது; சாம்பல் அப்புளிப்பையும் சற்றே தணிக்கும். சாம்பல் இலவசம், எந்த அடுப்பிலும் கிடைப்பது.

ஏன் பூக்கவில்லை?

மலைநாட்டிலிருந்தும் செடி பூக்கவில்லையாயின், பின்வரும் காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும்.

நிழல் முதற் காரணம். நட்டபோது வெயில் பட்டிருக்கும். பின்னர் பக்கத்து மரம் வளர்ந்திருக்கும். நைதரசன் மிகுதி இரண்டாவது. மொட்டு உருவாகும் காலத்து வறட்சி மூன்றாவது. அண்மையிற் பிரித்து நட்டமை நான்காவது. பிரித்து நட்ட செடி முதல் ஆண்டிற் பூவாதிருத்தல் இயல்பு, அதற்காக மீண்டும் தோண்டிப் பார்த்தல் கூடாது. ஐந்தாவது, வேர் நெருக்கம்.

இவ்வைந்தாவது காரணத்தைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான கருத்து நிலவுகின்றது. சாடியில் வேர் எவ்வளவு நெருங்குகின்றதோ அவ்வளவு பூக்கும் என்பர். ஓரளவுக்கு இது மெய். மிகப் பெரிய சாடியில் நட்ட சிறு செடி வேரையும் இலையையும் பெருக்குவதிலேயே காலத்தைக் கழிக்கும். ஆனால் வேர்கள் சாடியை வெடிக்கச் செய்யும் அளவுக்கு நெருங்கிய பின்னர், நீருக்கும் உணவுக்கும் இடமின்றிப் பூ ஆண்டுக்கு ஆண்டு குறையும். நெருக்கம் வேண்டும், நெரிசல் கூடாது.

பிரித்து நடலும் விதைத்தலும்

நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைப் பிரித்தல் வேண்டும். பூத்து முடிந்த பின்னர், அலவாங்கினால் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி முழுக் கொத்தையும் கிளப்புக. கூரிய கத்தியால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று முளைகளும் போதிய வேரும் இருக்குமாறு வெட்டுக. வெட்டுவாயில் சிறிது சாம்பலைத் தடவி, ஒரு நாள் நிழலில் உலரவிட்டு நடுக.

ஒரு கொத்து ஐந்தாறு துண்டுகளாகும். நமக்கு இரண்டு போதும். எஞ்சியவற்றை அயலாருக்குக் கொடுப்பதே தோட்டக்காரரின் மரபு. விலை கொடுத்து ஒருவர் வாங்கிய ஒரு செடி, பத்தாண்டுகளில் ஒரு தெரு முழுவதும் பூப்பதற்கு இதுவே வழி. ஒருகால் நம் செடி பட்டுப்போயினும், கொடுத்த வீட்டிலிருந்து நமக்கொரு துண்டு திரும்பி வரும். கொடை, தோட்டத்திலே காப்புறுதியும் ஆகின்றது.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். மூன்று பக்கமுடைய காய் முற்றி வெடித்ததும், உள்ளே மெல்லிய சிறகோடு கூடிய கறுத்த தட்டை விதைகள் இருக்கும். அவற்றை உடனே விதைத்தல் வேண்டும். பழைய விதை முளைக்கும் ஆற்றலை விரைவில் இழக்கும். சில கிழமைகளில் முளைக்கும். பூக்க மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். தாய்ச்செடியின் நிறமே வருமென்னும் உறுதியும் இல்லை. ஆயினும் இவ்வுறுதியின்மையே புதிய வகைகளுக்கு வித்தாயிற்று. 1913இல் கேப் நகரின் அருகே நிறுவப்பட்ட கேர்ஸ்டன்பொஸ் தாவரத் தோட்டத்திலிருந்து பெற்ற விதைகளைக் கொண்டு, இங்கிலாந்தின் ஹாம்சயர்ப் பகுதியில் லூயிஸ் பாமர் என்பவர் குளிரைத் தாங்கும் செடிகளைத் தெரிந்தெடுத்தார். ‘எட்போண் கலப்பினங்கள்’ என அவை உலகெங்கும் புகழ்பெற்றன. பொறுமையுள்ள மாணவர் ஒருவர் ஒரு தட்டு நாற்றை ஆண்டுதோறும் குறிப்பெழுதி நோக்கிவரின், பாட நூலிற் கற்கும் மரபியல் கண்முன்னே பூக்கும்.

நோயும் பூச்சியும்

நம் தோட்டங்களில் இதற்கு முதற் பகை நத்தையே. இலைகளின் அடியில் பகலிற் பதுங்கி, இரவிலே இளம் மொட்டைத் தின்னும். மாலையிலே விளக்கோடு சென்று கையாற் பொறுக்குதலே சிறந்த மருந்து. பழைய இலைகளை அகற்றி அடிப்பகுதியைத் துப்புரவாக வைத்தால் ஒளிவதற்கு இடமிராது. மாப்பூச்சி தோன்றின் சவர்க்கார நீராற் கழுவுக. கழுத்து அழுகல் பூச்சியால் வருவதன்று, வடிகாலின்மையால் வருவது. செடியைக் கிளப்பி, அழுகியதை வெட்டி நீக்கி, உயர்ந்த இடத்தில் மாற்றி நடுதலே வழி.

பிரித்தானியாவில் 2014இல் ஒரு புதிய பகை கண்டுபிடிக்கப்பட்டது. மொட்டுக்குள் முட்டையிட்டு, அதனை வீங்கச் செய்து, விரியவிடாது தடுக்கும் சிறு ஈ அது. 2016இல் அறிவியலுக்குப் புதியதோர் இனமாக விவரிக்கப்பட்டது. அயல்நாட்டிலிருந்து வருவோர் பயணப்பையில் செடியையோ வேரையோ மறைத்துக் கொணர்தல் ஏன் கூடாதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

பிள்ளைகள் உள்ள வீட்டில்

இச்செடியின் சாறு தோலிற் பட்டால் சிலருக்கு அரிப்பும் எரிவும் உண்டாகும். வாயிற் பட்டால் புண்ணாகும். இலை, வேர் எதனையும் தின்னலாகாது. தென்னாபிரிக்காவின் கோசா மக்கள் இதன் வேரைக் கருவுற்ற மகளிருக்கு மருந்தாகவும், கோத்து அணியும் காப்பு மாலையாகவும் பயன்படுத்தி வந்தனர் என்பது உண்மை. அது தலைமுறைகளாக அளவறிந்தோர் கையாண்ட முறை. நாம் அதனைப் பின்பற்றிப் பார்ப்பது பேதைமை. கார்த்திகைக் கிழங்கின் நஞ்சை அறிந்த நம் மக்களுக்கு, அழகிய பூவின் அடியில் நஞ்சு இருக்கலாம் என்பதை விளக்க வேண்டியதில்லை. தவழும் குழந்தை உள்ள வீட்டில் சாடியை எட்டாத உயரத்தில் வைக்க. கத்தரித்த பின்னர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. வெட்டிய இலையை ஆட்டுக்கு இடாதிருக்க.

வேலியைத் தாண்டவிடல் ஆகாது

இனி நாம் கூறப்போவது இக்கட்டுரையில் மிக முக்கியமானது. நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் அகபாந்தஸ் இன்று களையாகக் கருதப்படுகின்றது. தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி, காற்றிலும் நீரோட்டத்திலும் விதை பரவி, தெருவோரங்களையும் காட்டு விளிம்புகளையும் பிடித்து, அந்நாட்டுச் செடிகளை நெருக்கித் தள்ளியது.

இவ்வகைத் துன்பம் நம் நாட்டுக்குப் புதியதன்று. ஆகாயத்தாமரை அதன் பூவழகுக்காகவே 1905ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1909இல், அதனை ஒழிப்பதற்கென்று தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வந்து நூறாண்டுக்கு மேலாயினும் நம் குளங்களில் அது இன்றும் மிதக்கின்றது. ஹோட்டன் சமவெளியிலே மஞ்சட் பூப் பூக்கும் ஐரோப்பிய முட்புதர் ஒன்றும் அவ்வாறே பரவி, அதனை அகற்றப் பலர் உழைக்கின்றனர். நம் மலைக்காடுகள் வேறெங்கும் இல்லாத செடிகளையும் உயிர்களையும் கொண்டவை. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டவை. அவற்றின் விளிம்பிலேதான் நுவரெலியாவின் வீட்டுத் தோட்டங்கள் உள்ளன.

ஆகையால் மூன்று ஒழுக்கங்களை வாசகர் கைக்கொள்ளல் வேண்டும். பூ வாடியதும் காய் முற்றுமுன் காம்பை அடியோடு வெட்டுக. இதனால் விதை பரவாது, செடியின் வலுவும் அடுத்த பூவுக்குச் சேரும். வேண்டாத கிழங்கை ஓடையிலோ காட்டோரத்திலோ எறியாது, வெயிலிலே நன்கு காயவைத்து அழிக்க. காட்டை ஒட்டிய நிலமாயின் தரையில் நடாது சாடியிலே மட்டும் வளர்க்க. விதைக்க விரும்பும் மாணவர் ஒரு காம்பை மட்டும் விட்டுவைத்து, காய் வெடிக்குமுன் துணியாற் கட்டுக.

தாழ்நிலத்தார் யாது செய்வது?

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், கொழும்பு முதலிய இடங்களில் வாழ்வோர் மனந்தளர வேண்டா. நீலம் வேண்டுமாயின் சங்குப்பூவைப் பந்தலில் ஏற்றுக. வெயில் எவ்வளவு கடுமையாயினும் பூப்பது, பூசைக்கும் உதவுவது. உயர்ந்த காம்பும் உச்சியிற் பூங்கொத்தும் வேண்டுமாயின், அகபாந்தஸின் உறவான விஷமூங்கில் உண்டு. உப்புக்காற்றையும் மணலையும் அது பொருட்படுத்தாது. மணம் வேண்டுமாயின் நிலச்சம்பங்கியை நடுக. விஷமூங்கிலிலும் நஞ்சுண்டு என்பதை மட்டும் மறவாதிருக்க. இவற்றை எளியன என்று எண்ணி ஒதுக்கி, மலைநாட்டுச் செடியையே நாடுவது, வாசலில் வந்த உறவை விட்டுத் தூரத்து அந்நியரைத் தேடுவது போன்றது.

மலைநாட்டு உறவினர் வீட்டுக்குச் செல்வோர் செடிக்குப் பதிலாக இரண்டு காம்புப் பூவை வெட்டித் தரும்படி கேட்கலாம். கொத்திலே சில பூக்கள் மட்டும் விரிந்த நிலையில் வெட்டி, தண்ணீரிலிட்டு, நாள் விட்டு நாள் நீரை மாற்றிவந்தால் ஒரு கிழமையளவு வாடாதிருக்கும்.

ஓவியம் பயிலும் மாணவர்க்கு ஒரு செய்தி. பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே தம் தோட்டத்துக் குளக்கரையில் அகபாந்தஸை நட்டு வளர்த்தார். 1915ஆம் ஆண்டளவில் தொடங்கிய பெரும் நீரல்லி ஓவியம் ஒன்றின் ஓரத்தில் அதனைத் தீட்டியும் வைத்தார். பின்னர் பல ஆண்டுகள் அதனைத் திருத்தித் திருத்தி, ஈற்றில் அச்செடியை வண்ணத்தால் மூடிவிட்டார். அவ்வோவியத்தின் மூன்று பகுதிகளும் இன்று அமெரிக்காவின் மூன்று நகரங்களில் உள்ளன. செடி கண்ணுக்குத் தெரியாவிடினும் ‘அகபாந்தஸ்’ என்னும் பெயர் மட்டும் அதற்கு நிலைத்துவிட்டது.

நல்ல தோட்டம் என்பது அரிய செடிகளின் தொகுதியன்று. தன் மண்ணையும் தன் வானத்தையும் அறிந்த ஒருவர், அவற்றுக்கு இசைந்ததை நட்டு, பெருகியதைப் பகிர்ந்து, பிறர் நிலத்துக்குக் கேடின்றிக் காத்துவருவதே நல்ல தோட்டம். குளிர்ந்த மலையிலே வாழ்வோர் நீலக் குடையை விரிக்க. வெயில் நிலத்தார் சங்குப்பூவை ஏற்றுக.

அடுத்த வாரம், செவ்வரத்தையின் மொட்டுகள் விரியுமுன் உதிர்வதற்குரிய காரணங்களையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் கூறுவோம்.